தாத்தாவின் ஹெரால்ட்: விற்பதா, பிரிப்பதா, ஓட்டுவதா?

கேள்வி சுருக்கமாக இது: தாத்தா 1966இல் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு வண்டி, கும்பகோணத்து வீட்டுக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. ஒரு பட்டறைக்காரர், முழுக்கப் பிரித்து, பெயின்ட் அடித்து, புது வண்டியாகவே கொடுத்துவிடுகிறேன் என்கிறார். இன்னொருவர் இருக்கிற நிலையிலேயே விலைக்குக் கேட்கிறார். எனக்குக் கார் ஓட்டத் தெரியுமே தவிர, ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. பழைய கார், ஸ்போர்ட்ஸ் கார் என்று சிலர் இப்படிப் பித்துப் பிடித்து அலைகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? எனக்கு இது ஒத்துவருமா?

கடைசியில் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விற்பதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் வண்டியைத் துடைத்து, துணி போர்த்தி வைத்திருந்து, கண்காட்சி என்றால் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவார்கள். இன்னொரு ரகத்தார் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு, அறுபது கிலோமீட்டர் தள்ளி ஏதாவது ஒரு கடையில் காபி குடித்துவிட்டு, கையில் கிரீஸோடும் முகத்தில் சிரிப்போடும் வீடு திரும்புவார்கள். நான் இரண்டாவது ரகம். இந்தப் பதில் முழுக்க அந்தச் சார்போடுதான் இருக்கும்.

இங்கிலாந்தில் 1905க்கு முன்பு செய்த கார்கள் மட்டும் ஆண்டுதோறும் நவம்பர் மாதம் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஓடுகின்றன. 1896இல் நடந்த ஓர் ஓட்டத்தின் நினைவாக 1927இல் தொடங்கிய வழக்கம் இது. நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம். கூரையில்லாத வண்டிகள், நவம்பர் மாதத்து மழை, பாதி வழியில் படுத்துவிடும் என்ஜின்கள். முதலில் வருபவருக்குப் பரிசு என்று எதுவும் கிடையாது. போய்ச் சேர்ந்தாலே போதும். இதைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் வண்டியை விற்றுவிடுங்கள். நாமும் ஒருமுறை போய்ப் பார்க்கலாமே என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

முதலில் உங்கள் வண்டியின் பிறப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. அதன் நல்ல குணமும் கெட்ட குணமும் அங்கிருந்துதான் வருகின்றன. 1950களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் நிறுவனம் ஒரு சிறு காருக்குத் திட்டமிட்டது. அதற்குக் கார்க்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. அடிச்சட்டமும் உடலும் ஒன்றாகவே அமைந்த கூடு செய்து தர ஆளில்லை. சரி, பழைய முறைப்படியே அடியில் தனிச் சட்டம் வைப்போம், மேலே உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்குவோம் என்று முடிவு செய்தார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கலோட்டி. 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் வெளிவந்தது. வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு, வெளிநாடுகளில் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கு வசதியாக அமைந்துவிட்டது. 1961இல் மதராஸ் வந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆயிற்று.

அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்தது. ஃபியட் பம்பாய் குர்லாவில். ஹெரால்ட் நம் ஊர்ப் பிள்ளை. பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் செய்தது. அடுத்து நான்கு கதவு ஹெரால்ட் வந்தது, 1970களில் கெஸல் வந்தது, கடைசியில் 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்து, விலையும் பெட்ரோல் குடியுமாகச் சேர்ந்து நிறுவனத்தையே படுக்க வைத்தது. 1988வாக்கில் உற்பத்தி நின்றது. இன்று அந்த இடத்தில் அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. மின்சார ரயிலில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்துக்கொள்வேன்; பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும்.

ஸ்போர்ட்ஸ் கார் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கொட்டகையில் நிற்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, அதன்மேல் தாழ்வான திறந்த உடலை வைத்துத்தான் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். 1965இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அது தன் பிரிவில் முதலாவதாக வந்தது. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை லோட்டஸ் நிறுவனமும் தன் சிறு ஸ்போர்ட்ஸ் கார்களில் எடுத்துப் பயன்படுத்தியது. நம் பக்கம் சோழவரம் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், வார நாள்களில் அலுவலகம் போன ஃபியட்டும் ஹெரால்டும் வார இறுதியில் பம்பரையும் பின்சீட்டையும் கழற்றிவைத்துவிட்டு ஓடின. வெயில், தூசி, வைக்கோல் பொதி, கூட்டம். இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தபிறகு சோழவரம் ஓய்ந்தது. இன்று எழுபது வயதைத் தாண்டிய ஹெரால்ட்காரர் யாரையாவது பிடித்து உட்காரவைத்துச் சோழவரம் என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். அன்றைய வேலை கெட்டது.

ஓட்டுவதில் என்ன சுகம் என்று கேட்டால், இது 948 சி.சி. என்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். இன்றைய சாதாரணச் சிறு கார்களுக்கே இதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது. ஆனால் ஹெரால்டில் அறுபது கிலோமீட்டர் வேகம் என்பது உண்மையிலேயே வேகம். ஸ்டியரிங் வழியாகச் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்குச் செய்தி சொல்லும். முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர்ச் சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதாக நிற்காமல் போட்டால் பல்லை நறநறவென்று கடிக்கும். அதைச் சத்தமில்லாமல் போடப் பழகுவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பழகிய அன்று அடைந்த சந்தோஷம் பட்டம் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை. வண்டி திரும்புவதற்கு 25 அடி விட்டம் போதும். மயிலாப்பூர் மாடவீதிச் சந்துகளில் மற்ற கார்கள் இரண்டு முறை பின்வாங்கித் திரும்பும் இடத்தில் ஹெரால்ட் ஒரே மூச்சில் திரும்பிவிடும். ஓர் ஆட்டோக்காரர் இறங்கிவந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்த சம்பவம் எனக்கே நடந்திருக்கிறது.

பானெட்டைத் திறப்பது தனி அனுபவம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் விளக்கும் சேர்த்து, முதலை வாயைப் போல முன்னோக்கிச் சாயும். என்ஜின் அப்படியே நிர்வாணமாக நிற்கும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் வெற்றிலை மடிப்பவர் போல நிதானமாகக் கார்புரேட்டரைக் கழற்றலாம். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பழகுவதற்கு இதைவிட நல்ல வண்டி இந்தியாவில் செய்யப்படவில்லை என்பது என் கட்சி. ப்ளக்குக்குப் பொறி அனுப்பும் பாயின்ட்டின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. நடு வழியில் அளவுத்தகடு இல்லாவிட்டால் சட்டைப் பையிலிருக்கும் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்துச் சரிசெய்து வீடு வந்து சேரலாம். இன்றைய காரில் ஒரு சென்சார் போனால் விசிட்டிங் கார்டை எடுத்து யாருக்காவது போன் பேசத்தான் முடியும்.

இப்போது பட்டறைக்காரரின் யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். மனிதரை எனக்குத் தெரியாது, நாணயமானவராகவே இருக்கலாம். இருந்தாலும் வேண்டாம். முழுக்கப் பிரித்த வண்டிகளில் எத்தனையோ மறுபடி வண்டியாக எழுந்ததே இல்லை. பிரிப்பது ஒரு வாரத்து வேலை; மகிழ்ச்சியான வேலையும்கூட. பூட்டுவதுதான் வருஷக்கணக்கில் இழுக்கும். இடையில் பணம் தீரும், பட்டறை இடம் மாறும், பழைய மெக்கானிக் வேலையை விட்டுப் போவார், எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்பது அவர் தலைக்குள் இருந்தது அவரோடேயே போய்விடும். பிறகு தாத்தாவின் கார் நான்கு சாக்கு மூட்டைகளில் வீடு வந்து சேரும். சாக்கு மூட்டையில் வந்த ஹெரால்டுகளை நான் மூன்று பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் பெயின்ட் மட்டும் பளபளவென்று இருந்தது, ஏனென்றால் பெயின்ட்டைத்தான் முதலில் அடிக்கிறார்கள்.

என் வழி இதற்குத் தலைகீழ். முதலில் ஓடவேண்டும், பிறகு நிற்கவேண்டும் (பிரேக்கைச் சொல்கிறேன்), பிறகு ஓராண்டு ஓட்டவேண்டும், அதன்பிறகுதான் பெயின்ட் என்ற பேச்சே. ஓட்டினால்தான் எது கெட்டிருக்கிறது என்று வண்டியே சொல்லும். ஓட்டாமல் பிரித்தால் நல்லாயிருப்பதையும் சேர்த்து மாற்றுவீர்கள். அந்தக் காலத்து நல்ல இரும்பை எறிந்துவிட்டு இந்தக் காலத்துப் போலியைப் பூட்டுவீர்கள்.

பதினோரு ஆண்டு நின்ற என்ஜினில் பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையம் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம்; ஸ்டார்ட்டர் இழுத்தால் வளையம் உடையும், சிலிண்டர் கீறும். நான்கு ப்ளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் மூன்று நான்கு தேக்கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டு, துணியால் மூடி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டு, ஒருவர் பின்னாலிருந்து வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டட்டும், நீங்கள் முன்னால் ஃபேன் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அசையாவிட்டால் இன்னும் எண்ணெய், இன்னும் ஒரு வாரம். கோபம் மட்டும் கூடாது.

டேங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோல் இப்போது பெட்ரோல் அல்ல. அரக்குக் குழம்பு, வார்னிஷ் வாசனை அடிக்கும். டேங்க்கை இறக்கிக் கழுவவேண்டும். ரேடியேட்டரும் என்ஜின் நீர்வழியும் செந்நிறச் சேற்றால் அடைத்திருக்கும், அவற்றையும் கழுவவேண்டும். எலி ஒயரைக் கடித்திருக்கும். அது கடிக்காத இடத்தில் ஒயரின் உறை தானாகவே வெடித்திருக்கும். அந்தக் காலத்து வண்டிகளில் ஃப்யூஸ் என்பது பெயருக்கு ஒன்றிரண்டுதான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டிப்பு சுவிட்ச் வைத்துவிடுங்கள். முந்நூறு ரூபாய்ப் பொருள் ஒரு காரையும் கொட்டகையையும் காப்பாற்றும். பேட்டரி மாட்டும்போது நெகட்டிவ் முனை உடம்போடு இணைந்திருக்கிறதா பாசிட்டிவ் முனையா என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த். மெக்கானிக் பையன் வழக்கம்போல மாட்டினால் மின்பாகங்கள் கெடலாம்.

பிரேக் விஷயத்தில் சிக்கனம் கூடாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. எங்காவது ஓரிடத்தில் ரப்பர் வெடித்தால் நான்கிலும் பிரேக் இருக்காது, ஹேண்ட் பிரேக்கும் முருகனும்தான். டயரும் அப்படியே. பட்டன் தேயாமல் இருக்கலாம், பதினோரு வயது டயர் டயர் அல்ல. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். அந்த நான்கு இலக்கமே இல்லையென்றால் அது இன்னும் பழையது.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து ஒரு தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவது ஒரு செங்குத்தான எஃகுத் தண்டு. அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். அதற்கு ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள் சுழன்று ஏறி இறங்கும். இதற்கு விடவேண்டியது கிரீஸ் அல்ல, 90ஆம் எண் கெட்டி கியர் ஆயில். ஆனால் பார்ப்பதற்குக் கிரீஸ் போடும் இடம் போலவே இருப்பதால் நம் ஊரில் எல்லோரும் கிரீஸையே அழுத்திவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் பரவாமல் வாயிலேயே இறுகிக்கொள்ளும். அடியில் மழைத்தண்ணீர் போய்த் தங்கும். எஃகு அரிக்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும், ஒருநாள் தண்டு மரைக்கு மேலே முறிந்து சக்கரம் அப்படியே படுத்துவிடும்.

எனக்கு நடந்தது. வண்டி வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டேன். எல்லா இடத்திலும் நன்றாகக் கிரீஸ் அடித்தாயிற்று சார் என்று பெருமையாகச் சொன்னார்கள். நானும் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. மதுராந்தகம் தாண்டி ஒரு கடை வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பினேன், நடை வேகம்கூட இல்லை. டொக் என்று ஒரு சத்தம். இடது முன்பக்கம் முழங்கால் மடிந்த மாடு போல உட்கார்ந்துவிட்டது. சக்கரம் மட்கார்டுக்கு அடியில் சாய்ந்து கிடந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் நெடுஞ்சாலையில் எழுபதில் வந்துகொண்டிருந்தேன். என் மனைவி பின்சீட்டிலிருந்து இறங்கி, சக்கரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கடைக்குள் போய் மோர் வாங்கிக் குடித்தாள். அந்த மௌனம் இன்றுவரை தொடர்கிறது என்றே நினைக்கிறேன். உடைந்த தண்டை வீட்டில் வைத்திருக்கிறேன். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு பழுப்பாக, துருவேறி இருக்கிறது. கால் பங்குதான் புதிதாக முறிந்த வெள்ளை. அதாவது அந்தக் கால் பங்கு எஃகை நம்பித்தான் பல மாதங்களாக ஓட்டியிருக்கிறேன். உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் தெருமுனைக்குக்கூட எடுக்காதீர்கள். புதுத் தண்டு இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். ஸ்பிட்ஃபயர் லட்சக்கணக்கில் விற்றதால் அங்கே இன்றும் உதிரிபாகங்கள் செய்கிறார்கள். சுங்க வரி வலிக்கும். ஆனாலும் இதில் பழைய இரும்புக் கடைச் சரக்கு வேண்டாம்.

பின்சக்கரத்துக்கும் ஒரு குணம் உண்டு. அச்சு, நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரப் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டுமே மடங்கும். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், பின்புறம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடியும், வண்டி பின்னால் சறுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக மிதித்தபடி போங்கள். கெஸலில் இந்த அச்சை விட்டுவிட்டு ஒரே தண்டாக மாற்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் போவதற்கு முன் இது காலில் பழகியிருக்கவேண்டும்.

பெட்ரோல் பற்றியும் சொல்லவேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வண்டி செய்தவர்கள் அதைக் கனவிலும் எண்ணவில்லை. எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், டேங்க் சுவரில் பல காலமாகப் படிந்த அழுக்கைக் கழற்றிக் கார்புரேட்டருக்கு அனுப்பிவைக்கும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பர் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ஜவ்வையும் மாற்றுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை நீர்த்துவிடும். என்ஜின் சூடாகும், இழுவை குறையும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினால் சரியாகும். எல்லாவற்றையும்விட முக்கியம், மாதக்கணக்கில் டேங்க்கில் பெட்ரோலை வைத்துக்கொண்டு நிறுத்தக்கூடாது. வாரம் ஒருமுறை முப்பது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லைகளில் பாதி வராது.

துருவுக்கு ஒரு சோதனை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, வண்டியின் உடம்பெல்லாம் வைத்துக்கொண்டே போங்கள். எங்கே பிடிக்காமல் விழுகிறதோ அங்கே தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் தேய்ந்திருந்தால் லேசாக ஆடும், அது பரவாயில்லை. கதவை மூடும்போது மேலே நெருக்கமும் கீழே இடைவெளியும் தெரிந்தால்தான் கவலை. அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்து வண்டி நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். அதற்கு வெல்டிங் வேலை உண்டு, உண்மையான செலவும் உண்டு. மற்றபடி மட்கார்டில் ஓட்டை, டிக்கித் தரையில் ஓட்டை என்பவற்றுக்கெல்லாம் பயப்படவேண்டாம். எல்லாம் போல்ட் போட்ட துண்டுகள்தானே. கூரையையே கழற்றிவிடலாம்.

உதிரிபாகத்துக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு நாள், புதுப்பேட்டையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள்; கவுன்டரில் பாகத்தை வைத்தால் உள்ளேயிருந்து ஒரு பெரியவரைக் கூப்பிடுவார்கள், அவர் மேல்தட்டிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒன்றை ஏணி போட்டு எடுப்பார். விலையைக் கேட்டதும் முகத்தில் சந்தோஷத்தைக் காட்டிவிடாதீர்கள்.

காகிதம். ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும். காலம் கடந்துவிட்டது, அபராதம் இருக்கும், கட்டிவிடுங்கள். சேசிஸ் எண் பொறித்த தகட்டை எந்தப் பெயின்ட்டரும் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் சட்டத்தின் கண்ணில் உங்கள் கார் வெறும் இரும்பு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. என்ற எழுத்துள்ள எண் கிடைக்கும், பத்தாண்டு செல்லும். அடிச்சட்டம், உடல், என்ஜின் எதையும் மாற்றியிருக்கக்கூடாது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போன்ற காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்குக் கூடாது. என்னைப் போல ஞாயிற்றுக்கிழமைக் காபிக்காரர்களுக்கு அது பொன்விலங்கு. நான் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிச் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். கட்டணம் ஏறிக்கொண்டேதான் போகிறது. இன்னும் வழி இருக்கும்வரை நீங்களும் அதையே செய்யுங்கள்.

இன்னொருவர் விலைக்குக் கேட்கிறார் என்றீர்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்? உணவகத்து வாசலில் நிறுத்தப்போகிறேன், கல்யாண ஊர்வலத்துக்கு ரோஸ் நிறம் அடிக்கப்போகிறேன் என்றால் கொடுக்காதீர்கள் என்பேன். அது உங்கள் விருப்பம். அவர் பதில் சொல்லாமல் குனிந்து முன்சக்கரத்தின் அடியைப் பார்த்து, "இதற்கு ஆயில்தானே விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம், விலையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஒத்துவருமா வராதா என்ற கேள்விக்கும் இப்போதே விடை தேடவேண்டாம். விற்பதற்கு ஆறு மாதம் கழித்தும் ஆள் கிடைப்பார்.

இந்த வாரம் செய்யவேண்டியது ஒன்றுதான். ப்ளக் நான்கையும் கழற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று தெரியும்படி முட்டை அட்டையில் வரிசையாகக் குத்திவைத்துப் படம் எடுங்கள். எண்ணெய் விடுங்கள். மூன்றாம் நாள் ஃபேன் அசைந்ததா இல்லையா என்று எழுதுங்கள். அசைந்திருந்தால் அடுத்து டேங்க்கை இறக்குவது எப்படி என்று சொல்கிறேன். டிக்கிக்குள்தான் இருக்கிறது, ஒரு பிற்பகல் வேலை.